மதிலுக்கு அப்பால் தீ

அந்தச் சுற்றுவட்டாரம் முழுமைக்கும் தீயணைப்பு வண்டி ஒன்றுதான். அதுவும் விமான நிலையத்துக்கு உரியது. ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் மதிலைக் கடந்து ஓடிப்போய் அணைத்துவரும். ஆனால், விமானம் இறங்க வந்துகொண்டிருக்கும் வேளையில் ஓடுதளத்தை விட்டு ஓரடியும் அசையாது. இவ்விதியை ஊராருக்கு எடுத்துரைத்து ஏச்சு வாங்குவது தீயணைப்புத் தலைவரின் நெடுநாள் ஊழியம்.

அன்று பற்றிக்கொண்டது, மதிலை ஒட்டியிருந்த அவருடைய தமக்கையின் வீடு. முன்கட்டுதான் தையற்கூடம், துணிக்கட்டுகள் தீக்கு நெய்யாயின. தமக்கை கைப்பேசியில் கதறினார்.

"டேய் தம்பி, நாங்கெல்லாம் வெளிய வந்துட்டோம். மெஷினெல்லாம் உள்ள இருக்குடா. வண்டிய அனுப்புடா!"

"பிளேன் இறங்கிடட்டும் அக்கா. உடனே வந்துடுறேன்."

விமானம் தாழ்ந்து வந்தது. அந்நேரம் காற்றுத் திரும்பி, அவ்வீட்டுக் கரும்புகையை ஓடுதளத்தின்மேல் போர்வையாய் விரித்தது. தளம் காணாத விமானி மேலெழுந்து வட்டமிட்டார்.

வண்டியோட்டி முனகினார்: "நல்ல கூத்து தலைவரே! புகை அடங்குனாத்தான் பிளேன் இறங்கும். பிளேன் இறங்குனாத்தான் நாம போய்ப் புகைய அடக்கலாம்."

தலைவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டுப் பார்த்தார்.

"உங்க அக்கா வீடுன்னு தெரியும் சார். மேல அத்தனை உயிர் சுத்துதே, எப்படி விடுறது?"

"சரி," என்றார்.

இருதலைக் கொள்ளி எறும்புக்காவது துடிப்பு உண்டு. அவருக்கு அதுவும் இல்லை. ஊழ் என்று தேறவும் தோன்றவில்லை. இறைவனை அழைக்கவும் நா எழவில்லை. கை தன்போக்கில் குழாய் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தது. எல்லாம் இறுகியிருந்தன. கூரை சரிந்ததை, எவர் வீட்டுக் கூரையோ என்பதுபோல் பார்த்து நின்றார்.

மறுமுறையும் விமானம் தாழ்ந்தது, எழுந்தது. பின்னர் வேற்றூர் நோக்கித் திரும்பிப் புள்ளியாய் மறைந்தது. கோபுரம் வண்டிக்கு விடைகொடுத்தது.

வண்டி சென்று சேர்ந்தபோது சுவர்களே நின்றன.

"வாங்க மச்சான்," என்றார் தமக்கையின் கணவர். "சாம்பல அணைக்க வந்தீங்களா?"

"நீங்க சும்மா இருங்க," என்று அவரை அடக்கிய தமக்கை, தம்பியிடம் திரும்பினார். "பிளேன்ல இருந்தவங்களாவது நல்லபடியா இறங்கினாங்களாடா?"

"இங்க இறங்கல அக்கா. வேற ஊருக்குப் போயிடுச்சு."

தமக்கை, மூலையில் கனன்றுகொண்டிருந்த உத்தரம் ஒன்றைக் காட்டினார்.

"அங்க கொஞ்சம் ஊத்து."

தம்பி நீரைப் பாய்ச்சினார்.