துணி போர்த்திய கம்பிகள்

வாடகை உடுப்பைத் தலைவழியாக மாட்டும்போதே மஸ்தூராவுக்குக் குமட்டியது. சரிகை போட்ட பச்சைப் பட்டு அங்கி. நாடகக் கொட்டகையிலிருந்து, மேடையேறப்போகும் நாற்பது பேருக்கும் ஒன்றுபோல வரவழைத்திருந்தார்கள். அக்குளில் யாரோ ஒருத்தியின் வியர்வை உப்பு பூத்துக் காய்ந்திருந்தது. அதற்குமேல் பாச்சை உருண்டை நாற்றம், அதற்கும் மேல் யாரோ அவசரமாகப் பீய்ச்சிய மலிவு சென்ட். நாற்பது பெண்களும் உடைமாற்ற ஒரே அறை. பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். புலாவின் ஆட்டுக்கொழுப்பு விரலில் மினுங்க, அதே விரலால் அவர்கள் மூங்கில் குச்சிகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

அவள் ரிஷ்தான் என்ற சின்ன ஊரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் கூடப் படித்த சவோதத் போனில் கூப்பிட்டு, நம் பள்ளத்தாக்கு முழுவதுக்குமாகச் சேர்த்துச் சாங் விழா நடக்கப்போகிறது, உனக்குத் தனியாகப் பத்து நிமிஷம் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னாள். அன்றைக்கே மஸ்தூரா கட்டிலுக்கடியில் கிடந்த தன் சாங்கை, குச்சியால் கம்பிகளைத் தட்டி வாசிக்கும் அந்தப் பெட்டியை, இழுத்து வெளியே வைத்தாள். துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிப் புதுக்கம்பி பூட்டினாள். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் வாசித்தாள். வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட பெரிய சத்தம் அதுதான். காலையில் வேனில் வரும்போது, அத்தனை கனமான பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

வந்து இறங்கியதும் தனி வாசிப்பு கிடையாது என்றார்கள். நேரம் போதவில்லையாம். எல்லோரும் கூட்டமாக மேடையில் உட்கார வேண்டும். சரி, அதுவும் வாசிப்புதானே என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது, நிகழ்ச்சியை நடத்துகிற இளைஞன் கையில் ஒரு துணிக்கட்டோடு வந்தான். ஆளுக்கு ஒரு கம்பளித் துண்டைக் கொடுத்துக் கம்பிகளுக்குக் குறுக்கே போர்த்தச் சொன்னான். பாட்டு ஒலிபெருக்கியில் வரும், நீங்கள் தட்டுகிற மாதிரி கையை அசைத்தால் போதும், டிவிக்காரர்கள் எடுக்கிறார்கள், சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்றான். சொல்லிக்கொண்டே சூரியகாந்தி விதையைக் கடித்து, எச்சிலோடு தொலியைத் தரையில் துப்பிக்கொண்டிருந்தான். ஒரு தொலி மஸ்தூராவின் சாங்கின்மேல் விழுந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. மற்ற பெண்களுக்கு இது பழக்கம்போல. மறுபேச்சில்லாமல், குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி துணியை விரித்தார்கள்.

ஒத்திகைக்குப் பாட்டைப் போட்டார்கள். முதல் அடி முடிவதற்குள் அவள் உடம்பு சிலிர்த்தது. நல்ல வாசிப்பு. சும்மா நல்ல வாசிப்பு இல்லை, கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மாதிரியான வாசிப்பு. யார் இவள் என்று அவள் பொறாமையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது திருப்பத்தில் இடது கை ஒரு கணம் தயங்கி, ஒரே கம்பியை இரண்டு முறை தட்டிவிட்டு மேலே போனது. அந்தத் தப்பைச் செய்யக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான், அது அவளேதான். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முந்தின மாதம், சவோதத் வேலை பார்த்த வானொலி நிலையத்தில் ஒரு மத்தியானம் விளையாட்டாகப் பதிவு செய்தது. அது எப்போதோ அழிந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

முதலில் வந்தது கோபம் இல்லை, பெருமை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அதிகமாக அருவருத்தது. பெருமைக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. தனியாகப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தாலும் இந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டு இதில் கால்வாசியைக்கூட அவளால் வாசித்திருக்க முடியாது.

முன்வரிசையில் தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்தவள் ரானோ, ஆட்சியரின் மருமகள். இருபத்திரண்டு வயது இருக்கும். அவளுக்கு மட்டும் வெள்ளை உடுப்பு. வாசிக்கிறவளாக அறிவிக்கப்போவது அவள் பெயரைத்தான் என்று பக்கத்தில் இருந்தவள் மஸ்தூராவின் காதில் சொன்னாள். ஒத்திகை முடிந்ததும் ரானோவே எழுந்து பின்வரிசைக்கு வந்தாள். நரைத்த தலையைப் பார்த்து மஸ்தூராவைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

"அக்கா, நடுவுல ரெண்டு தட்டு வருதே, அது எந்தக் கைல போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? மூணு மாசமா கேட்டுக் கேட்டுப் பாக்குறேன், பிடிபடல."

"எடது கை. ரெண்டுமே எடது கைதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் வாசிச்சது."

ரானோ சிரித்தாள். பிறகு மஸ்தூராவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "இத வாசிச்சவங்க இறந்துட்டாங்கன்னு சவோதத் அக்கா சொன்னாங்களே" என்றாள் மெதுவாக. "நான் தினமும் அவங்களுக்காக ஓதிட்டுத்தான் வாசிக்க உக்காருவேன்."

அந்தப் பெண்ணின் மீது வெறுப்பைக் காட்டத் தயாராக இருந்த மஸ்தூராவுக்கு அதுவும் முடியாமல் போயிற்று. உயிரோடு இருக்கிற தனக்கு மூன்று மாதமாக யாரோ, செத்தவர்களுக்கு ஓதுகிற பாத்திஹாவை ஓதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சவோதத்தை மேடைக்குப் பின்னால், பூச்செண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் பிடித்தாள். சவோதத் மறுக்கவில்லை. ஆட்சியர் வீட்டில் நல்ல பதிவாக ஒன்று கேட்டார்கள், என்னிடம் இருந்ததிலேயே நல்லது உன்னுடையதுதான் என்றாள். ஏதோ அவளுக்கு மரியாதை செய்துவிட்ட மாதிரிதான் சொன்னாள். நான் நடத்துகிற இசைப்பள்ளியைக் கல்யாண மண்டபமாக மாற்றப் பேச்சு நடக்கிறது, எழுபது பிள்ளைகள் படிக்கிறார்கள், இந்த ஒரு நாள் அந்த மனுஷன் மனம் குளிர்ந்தால் போதும் என்று மளமளவென்று ஒப்பித்தாள்.

"அதுக்கு என்னைச் சாகடிக்கணுமாடி?"

"அவ உயிரோட இருக்கான்னு சொன்னா யாரு, எங்கன்னு கேப்பாங்க. செத்தவளப் பத்தி யாரு கேக்கப்போறா?"

"அப்ப எதுக்கு என்னைக் கூப்பிட்ட?"

சவோதத் ஒரு பூச்செண்டின் காகிதத்தைச் சரிசெய்தாள். "நாப்பது பேரு வேணும்னாங்க. முப்பத்தொம்போதுதான் தேறிச்சு."

பதினாறு வயதில் விடுதியில் ஒரே போர்வைக்குள் படுத்துத் தூங்கியவர்கள் அவர்கள். அப்போது சவோதத்தின் தலைமுடியில் ஆலிவ் சோப்பு வாசனை அடிக்கும். இப்போது ஸ்பிரே போட்டு இறுக்கிய கொண்டையிலிருந்து ஏதோ பிளாஸ்டிக் கருகின மாதிரி நெடி வந்தது. மஸ்தூரா பின்னால் நகர்ந்தாள். சத்தம்போட வேண்டும் என்று வந்தவளுக்கு, அவள் பக்கத்தில் நிற்காமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அதன்பிறகும் ஏன் போய் மேடையில் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெயர் கூப்பிட்டார்கள், போனாள், அவ்வளவுதான். ஆட்சியர் முதல் வரிசையில் பல்குத்தும் குச்சியை வாயில் வைத்தபடி சாய்ந்திருந்தார். பாட்டு ஆரம்பித்தது. எண்பது குச்சிகள் ஒன்றாக ஏறி இறங்கின. கம்பளியில் பட்ட குச்சிகள் தொப் தொப்பென்று, ஈரத்துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி சத்தம் எழுப்பின. பக்கத்தில் இருந்தவள் காமிராவைப் பார்த்துத் தங்கப் பல் தெரியச் சிரித்தாள். அந்த மூன்றாவது திருப்பம் வந்தது. முன்னால் ரானோவின் இடது கை தயங்கியது, இரண்டு முறை தட்டியது, மேலே போனது. அச்சு அசல். தன் கையை வெட்டி இன்னொருத்தியின் மணிக்கட்டில் ஒட்டவைத்ததைப் பார்த்ததுபோல் இருந்தது மஸ்தூராவுக்கு. எழுந்தாள். துணியை உருவிக் கீழே போட்டுவிட்டு, சாங்கை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு நடுவே நடந்தாள். அங்கி யாரோ ஒருத்தியின் குச்சியில் மாட்டிக் கிழிந்தது. ஒருத்திகூடக் கையை நிறுத்தவில்லை. காமிரா அவளை விட்டு விலகி ரானோவின் பக்கம் திரும்பிக்கொண்டது.

வெளியே பூங்காவில் மூன்று அண்டாக்களில் புலாவ் வெந்துகொண்டிருந்தது. அவள் மரத்தடிக்குப் போய்க் குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வாசலைத் தாண்டி வண்டியைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் மரங்களில் எல்லாம் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பாட்டு அவளுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. அதன் கடைசிப் பகுதி எப்படி முடியும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நின்றாள்.

சமையல்காரர் அறுபது வயதுக்காரர். அகப்பையை அண்டாவுக்குள் விட்டபடி, கிளறாமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய உடுப்பையும் கையில் இருந்த சாங்கையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீங்க உள்ள இல்லையா?" என்றார்.

"உள்ளதான் இருக்கேன்" என்றாள் மஸ்தூரா.

அவர் புரியாமல் தலையாட்டிவிட்டு, பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினார். மேலே ஒலிபெருக்கியில் கம்பிகள் வேகம் பிடித்து ஓட ஆரம்பித்திருந்தன. மேஜையில் கீறி வைத்த முலாம்பழத்தின்மேல் குளவிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அவர் ஓட்டவில்லை. அவளும் ஓட்டவில்லை.