ஆஸ்பத்திரிச் சீட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் பஸ் சமரம், அதாவது ஸ்டிரைக், நியாயமானதுதான். பதினாறு மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்கிறவன் ஒண்ணுக்குப் போக அஞ்சு நிமிஷம் கேட்டால் அது குற்றமா? கேட்டோம், கொடுக்கவில்லை, பஸ்ஸை நிறுத்தினோம், மற்ற வண்டிகளையும் மறித்தோம். யூனியனில் மட்டாஞ்சேரித் தங்கப்பன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அந்தத் தங்கப்பன் நான்தான்.

என் அக்கா காளியம்மைக்கு இரண்டு கிட்னியும் போச்சு. இருபது வருஷம் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டியவள். செவ்வாயும் வெள்ளியும் கலூரில் டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் நெஞ்சில் நீர் கட்டும், அப்புறம் என்னைக் கேட்காதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எப்போதும் என் பஸ்ஸின் முன்சீட்டில்தான் போவாள். சமரத்தின் மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு நாணுவின் ஆட்டோவைப் பேசி, கண்ணாடியில் ஒட்ட ‘ஆஸ்பத்திரி’ என்று மலையாளத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் எந்த சமரத்திலும் அந்தச் சீட்டுக்கு மரியாதை உண்டு.

“யாராச்சும் தடுத்தா என் பேரைச் சொல்லுக்கா.”

“செரிடா. சாயா ஆறுது, குடிச்சிட்டுப் போ.”

நான் முன்னாலேயே மறியலுக்குக் கலூர் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். ஒன்பது மணிக்கு அதே மாதிரி சீட்டு ஒட்டி ஓர் ஆட்டோ வந்தது. உள்ளே ஐந்து பேர், இடப்பள்ளி மாலுக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரியாம்! சிரிப்பு வேறு. எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. போனை எடுத்து யூனியன் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகக் கத்தினேன்.

“சீட்டெல்லாம் கள்ளம்! ஒருத்தனையும் நம்பண்டா, நம்பவே வேண்டாம். டயர்ல காத்தை இறக்கி விடு!”

அக்கா ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. என் பேர் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“ஆச்சாக்கா?”

“ஆச்சுடா. தொந்தரவு பண்ணாத, தூக்கம் வருது.”

டயாலிசிஸ் முடிந்த நாளில் அப்படித்தான் சுருண்டு கிடப்பாள். நம்பினேன், மடையன்.

சனிக்கிழமை சமரம் ஜெயித்தது. பட்டாசு வெடித்தோம். ஞாயிறு காலை அக்காவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வருவதற்குள் போய்விட்டாள்.

யூனியன் மாலையோடு பினு வந்தான். வெள்ளிக்கிழமை வெலிங்டன் தீவுப் பாலத்தில் வண்டிகளைத் தடுத்த கண்டக்டர். மாலையைப் போடக் குனிந்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

“தங்கப்பன் சேட்டா... இந்த அம்மை அன்னிக்கு ஆட்டோல வந்ததாக்கும். நான்தான் காத்தை...”

பாவி! அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நாணு வந்து விலக்கினான்.

“அவனை விடு. நான் உன் பேரை எடுத்தேன், அக்கா என் கையை அமுக்கிட்டா. ‘தலைவன் அக்காவுக்கு மட்டும் வண்டி ஓடுதான்னு கேப்பாங்க, தம்பிக்குக் கொறைச்சலு. செவ்வாய் வரைக்கும் தாங்கும், காத்தடிச்சு வண்டியைத் திருப்பு’ன்னா. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டா.”

பினு அழுதுகொண்டே போனை நீட்டினான்.

“சேட்டன் பறஞ்சதைத்தானே செஞ்சேன்?”

குரூப்பில் நான் அனுப்பியது அப்படியே கிடந்தது. யாரும் கேட்கச் சொல்லவில்லை, நான்தான் விரலை வைத்து அமுக்கினேன். அக்காவின் தலைமாட்டில் என் குரல் கத்தியது, ஒருத்தனையும் நம்பண்டா என்று.