குளியலறைச் சுவரில் ஒரு கசிவு

குடிநீர் வாரியத்தில் அவருக்குப் பெயர் காது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. தெருவுக்கடியில் ஓடும் குழாய்களில் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்வதுதான் அவர் வேலை. ஒரு முனையில் மரக்குமிழ் மாட்டிய நீண்ட இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றுவார். குமிழில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்து, "இங்க தோண்டு" என்பார். தோண்டினால் தண்ணீர் இருக்கும். இதில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்கு வந்தாலும் கம்பியைக் கீழே வைக்கமாட்டார். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், மீன் தொட்டி வைத்துக்கொள்வார்கள். இவருக்குப் பொழுதுபோக்கும் அதே கம்பிதான். பிரிட்ஜின் முதுகில் வைத்துக் கேட்பார். பக்கத்து வீட்டு மோட்டாரைத் தன் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டுவிட்டு, "பேரிங் போகப்போகுது" என்று போய்ச் சொல்லிவிட்டு வருவார். அது நிஜமாகவே போய்விட்டால் அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார். ஒருமுறை பின்பக்கத்து மரத்தில் வைத்துக் கேட்டு, உள்ளே கரையான் தின்கிற சத்தம் வருகிறது என்றார். மனைவி நம்பவில்லை. மரம் விழுந்த பிறகும் அவள் காற்றைத்தான் குறை சொன்னாள்.

மனைவிக்குப் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் பாதி நாள் வேலை. ஊரே வாயைத் திறக்கிற இடத்தில் அவள் வாயைத் திறப்பது அபூர்வம். வீட்டிலும் அப்படித்தான். அது அவருக்கு வசதியாகவே இருந்தது. வீடு அமைதியாக இருந்தால்தானே எதையும் கேட்க முடியும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதரிடம், ஒரு நாள் காலையில் மீட்டர் பார்க்கிற பெண் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, உங்க வீட்டு மீட்டர் கொஞ்ச நாளா அதிகமா ஓடுது. எங்கயோ ஒழுகுதுன்னு நினைக்கிறேன். நான் யார்கிட்டயும் சொல்லல."

அவள் சொல்லவில்லைதான். ஆனால் டீ வருவதற்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்திருந்தது. போதாக்குறைக்கு, காதில் மாட்டிக்கொண்டு கசிவைக் கேட்கிற புது மெஷின் ஒன்று அந்த மாதம்தான் வந்து இறங்கியிருந்தது. அதிகாரி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே இவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"திங்கக்கிழமை மெஷினை உங்க வீட்டுக்கே அனுப்பட்டுமா? அதுக்கும் ஒரு பழக்கம் ஆகும்," என்றார் அதிகாரி, மிகுந்த அன்போடு.

"வேண்டாம் சார். அதுக்குள்ள நானே பிடிச்சிடுவேன்."

பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவர் வீட்டுக் கசிவையே மெஷின் கண்டுபிடித்தது என்றால், பிறகு கம்பியைத் துணி காயப்போடத்தான் வைத்துக்கொள்ளலாம். காது என்ற பெயர் அப்படியே இருக்கும், ஆனால் கூப்பிடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள்.

அன்று மாலை வீடு முழுவதும் கம்பி வைத்துப் பார்த்தார். சமையலறை, வாசல், மாடித் தொட்டிக்குப் போகிற குழாய் எல்லாம் ஊமையாக இருந்தன. மறுநாள் மாலையும் அப்படியே. மீட்டர் மட்டும் ஏறியிருந்தது. இவர் இருக்கும்போது அடங்கிக் கிடந்து, இவர் வெளியே போனதும் ஒழுகுகிற கசிவை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. அதற்குக் கூச்சம் போலும் என்று முடிவுகட்டினார்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டுக்குள் நுழையாமல் பக்கத்துச் சந்து வழியாக வந்து, குளியலறைச் சுவரின் வெளிப்புறத்தில் கம்பியை வைத்தார். கேட்டது. தண்ணீர் சீராக ஓடுகிற சத்தம். அதோடு இழுத்து இழுத்து இன்னொரு சத்தமும் வந்தது. குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். இரண்டாவதை ஒதுக்கி முதலாவதை மட்டும் கேட்பதுதான் அவர் தொழிலின் சூட்சுமம். சுவரில் சாக்பீஸால் மூன்று இடத்தில் குறி போட்டார். சந்தோஷத்தில் சந்திலேயே ஒரு டீ குடிக்கலாம் போலிருந்தது. கடை இல்லாததால் விட்டுவிட்டார்.

மறுநாளும் லீவு. காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பியதும், கொத்தனார் வந்து குறிகளை உள்பக்கத்துக்கு அளந்து மாற்றி, முதல் குறியில் உடைத்தார். குழாய் உலர்ந்து பளபளவென்று இருந்தது. இரண்டாவது குறியிலும் அதே கதை. மூன்றாவதில் உளி சுவரைத் தாண்டிச் சந்துக்கே போய்விட்டது. மதியம் மனைவி திரும்பி வந்தபோது, குளியலறையில் நின்றபடியே பக்கத்து வீட்டுக்காரரின் பனியன் காய்வதைப் பார்க்க முடிந்தது.

"கிடைச்சுதா?" என்றாள்.

"இல்ல. ஆனா நேத்து மத்தியானம் என் காதால கேட்டேன். தண்ணி ஓடுற சத்தம். கூடவே காத்து அடைச்ச மாதிரி ஒரு இழுவை. மேல மேல ஏறி வந்து ஒரே இடத்துல பொத்துனு இறங்கிடுது. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்குது. கர்ண கொடூரம்."

அவள் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான புதுசுலயும் சமையலறைக் குழாய்ல காத்து அடைச்சிருக்குன்னு சொன்னீங்க. நான் அடுப்புகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்தீங்க."

அவருக்கு ஞாபகமில்லை. "சரி பண்ணிட்டேனா?"

"பண்ணிட்டீங்க. அதுக்கப்புறம் அங்க சத்தமே வரல."

அவருக்கு அதில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. ஓட்டையில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டுவிட்டு, கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு சிமெண்டும் டைலும் வாங்கப் போனார்.

கடையில் டைலின் நிறம் ஒத்துப்போகவில்லை. எந்த நீலம் என்று பார்த்து வர, கொத்தனாரைச் சிமெண்டோடு பின்னால் வரச் சொல்லிவிட்டு, உடைந்த துண்டு ஒன்றை எடுப்பதற்காக அவர் மட்டும் சந்துக்குள் நுழைந்தார். கையில் கம்பி இல்லை.

சாக்குக்குப் பின்னால் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

குழாயைத் திறந்துவிட்டுப் பாடினாள். வாளி நிரம்பி, தண்ணீர் தன்பாட்டுக்குச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சாக்கின் ஓரமாகப் பார்த்தால், சோப்பு வைக்கிற மாடத்தில் சாய்த்து வைத்த போன் தெரிந்தது. அதில் யாரோ ஓர் அம்மாள் ஒரு வரியைப் பாடிக் காட்ட, இவள் திருப்பிப் பாடினாள். அப்படியொன்றும் பிரமாதமான குரல் இல்லை, மெலிந்த குரல். மேலே மேலே ஏறிப் போய் ஓரிடத்தில் நழுவி இறங்கியது. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அவர் டைல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்புகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன் என்று அவள் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. ஸ்பேனரோடு ஓடிப்போனதும், அவள் சட்டென்று நிறுத்தியதும், "பாத்தியா, நின்னுடுச்சு" என்று தான் மார்தட்டிக்கொண்டதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இத்தனை வருஷமும் அமைதியான மனைவி வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வரும்போல இருந்தது. சந்தில் நின்று அழுதால் நன்றாயிருக்காது என்று மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டார்.

சிமெண்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கொத்தனார் வந்து சேர்ந்தார்.

"என்னண்ணே, லீக் எங்கன்னு தெரிஞ்சுதா?"

கொத்தனார் திங்கட்கிழமை வாரியத்துச் சுற்றுச்சுவர் வேலைக்குப் போகிறவர். அவரிடம் சொல்வதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் ஒன்றுதான். கீழ்ப்பக்க வாஷர் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் பிழைத்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

"லீக்கே இல்ல," என்றார். "எனக்குத்தான் காது கேக்கல."

"அட, என்னண்ணே நீங்களே இப்படிச் சொல்றீங்க."

"உள்ளதைச் சொல்றேன். ஆபீஸ்ல கேட்டாங்கன்னா இதையே சொல்லு. மூட்டையை இங்க வச்சுட்டுப் போ. பூச்சு வேலையைச் சாயங்காலம் பாத்துக்கலாம்."

கொத்தனார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே அவள் இதொன்றும் அறியாமல் அந்த வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசல் பக்கம் போய், மீட்டருக்குப் பக்கத்திலிருந்த மெயின் வால்வைத் திருகி மூடினார். குளியலறைக்கு மாடித் தொட்டியிலிருந்து அல்ல, நேரே தெருக்குழாயிலிருந்துதான் தண்ணீர்; மீட்டரின் முள் நின்றது. திரும்பிச் சந்துக்கு வந்தார்.

தண்ணீர் நின்றதும் பாட்டு நடுவரியில் தனியாக மாட்டிக்கொண்டது. அவள் உடனே நிறுத்திவிட்டாள். குழாயைத் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு சாக்கை விலக்கிப் பார்த்தாள். எதிரே அவர் நின்றிருந்தார்.

"தண்ணி வரல," என்றாள்.

"மெயின் வால்வை மூடிட்டேன்."

"ஏன்? லீக்கா?"

"இல்ல. பாட்டைக் கேக்க விடாம இடைஞ்சலா இருந்துச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், கம்பி இல்லை. சாக்கை இழுத்து மூடிக்கொண்டாள். வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. அவர் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். வாழ்க்கையில் எத்தனையோ சத்தம் நிற்பதற்காகக் காத்திருந்திருக்கிறார்; ஒரு சத்தம் வருவதற்காக இப்படிப் பயந்துகொண்டு காத்திருந்ததில்லை.

உள்ளே தொண்டையைச் செருமும் ஓசை கேட்டது. பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. மேலே மேலே ஏறிப் போய், அதே இடத்தில் நழுவியது. அவர் எழுந்திருக்கவில்லை.