சாம்பிள் ஓகே

திருப்பூரில் எதற்கும் முதலில் ஒரு சாம்பிள். அது ஓகே ஆகிவிட்டால் பல்க், அதாவது மொத்த உற்பத்தி. அப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பனியன் கம்பெனியில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு சாஃப்ட்வேர் கம்பெனி வைத்த தரணீதரனுக்கு அந்தப் பழக்கம் போகவே இல்லை. அவரிடம் வேலை பார்த்த சித்ரகலாவுக்கும் அது தொற்றியதுதான் வினை.

சாய மெஷினுக்குள் தண்ணீர் கொதிக்கும்போது மூடியில் கை வைத்தால் அலறுகிற புரோகிராம் அவள் எழுதியது. ஒன்பது பட்டறைகளில் ஓடியது. அதன் புதுப் பதிப்பைத் தன் புது லினக்ஸ் கம்ப்யூட்டரில் உருவாக்கினாள். பட்டறைகளில் இருந்தவையோ பெரும்பாலும் அரதப் பழசு. எந்தப் புரோகிராமும் சிஸ்டத்தோடு வரும் லைப்ரரி என்ற பொதுக் கோப்புகளை நம்பித்தான் ஓடும். புது லைப்ரரியை வைத்து உருவாக்கியது பழசில் எழுந்திருக்காது. பழசில் உருவாக்கினால் இரண்டிலும் ஓடும். இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்கு இரண்டு நாள் பிடிக்கும், தரணீதரனோ பறந்தார்.

பக்கத்துப் பட்டறையில், இருப்பதிலேயே புதிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். ஓடியது. சாம்பிள் ஓகே. மற்ற எட்டுக்கும் அனுப்பினாள். அங்கெல்லாம் பழைய பதிப்பு அழிந்தது, புதியது எழவில்லை. தேவையான லைப்ரரிப் பதிப்பு இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. அங்கே யார் அதைப் படிப்பது?

மறுநாள் காலை பல்லடம் சாலைப் பட்டறையில் மெஷின் ஓட்டும் வீரன் மூடியைத் திறந்தார். கொதிநீர் சீறி முகத்தையும் இரண்டு கைகளையும் வேகவைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தரணீதரன் பாடம் எடுத்தார். அலாரம் அடித்தது, வீரனுக்குத்தான் காது மந்தம் என்று பட்டறை முதலாளி அர்த்தநாரியிடம் சொல்லியாயிற்றாம். மற்ற ஏழு பட்டறைகளையும் சாயங்காலத்துக்குள் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாமாம். அவள் தலையாட்டினாள். அப்படி ஆட்டியதற்காகத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

கட்டுக்குள் வீரனின் வாய் மட்டும் தெரிந்தது. அருகே அர்த்தநாரி நின்றிருந்தார். அவள் குரல் கேட்டதும் வீரன் எழப் பார்த்தார்.

“நீங்க சொல்லிக் குடுத்தாப்புடியேதானுங்க அம்மிணி செஞ்சேன். சத்தம் வரலீன்னா தொறக்கலாம்னீங்க. நாந்தான் கேக்காம உட்டுப்போட்டனுங்களா?”

தரணீதரன் இருமினார்.

“உங்க காதுல ஒரு கொறையும் இல்லீங்க,” என்றாள். “சத்தமே வரலீங்க. நான் அனுப்புனது ஓடவே இல்லீங்க. இன்னும் ஏழு பட்டறையிலயும் ஓடலீங்க.”

வீரன் அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

“அங்கயும் இப்ப மூடி தொறக்கற நேரமுங்க, அம்மிணி.”

அவள் வராந்தாவுக்கு ஓடி ஒவ்வொரு பட்டறைக்கும் போன் போட்டாள். ஏழில் ஆறு இடங்களில்தான் எடுத்தார்கள்.