முகப்பில் ஒன்பது படிகள்

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான அந்த இல்லம் பதினாறு வருடமாக வாடகை வீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கட்டிலுக்கு ஒரே குளியலறை. சொந்தக் கட்டடத்துக்கு நிதி திரட்டும் பொறுப்பை அங்கே பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இல்லத்தின் செயலாளர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

ஊரறிய அறிவிப்பதற்கு முன்னால் வசதியுள்ளவர்களிடம் பாதித் தொகைக்காவது வாக்கு வாங்கிவிடுவது என்பதுதான் திட்டம். எட்டு மாதம் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். பலர் காபி கொடுத்தே அனுப்பிவைத்தார்கள். இருபத்து மூன்று பேர் சரி என்றார்கள். அவர்கள் போக, மில் முதலாளி ஒருவர் மட்டும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொல்லி, வரைபடத்தையும் தன் ஆளை வைத்தே போட்டுத் தந்தார்.

திங்கட்கிழமை கமிட்டிக் கூட்டத்தில், முதலாளியையும் உட்காரவைத்து, அதை மேசைமேல் விரித்தார்கள். முகப்பில் ஒன்பது கிரானைட் படிகள். மேலே முதலாளியின் அம்மா பெயர். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை பின்பக்கம், சமையலறைக் குப்பைத்தொட்டிகளை ஒட்டிப் போனது.

அண்ணனைப் பார்த்தாள். அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுக்கு இது முன்பே தெரியும் என்று புரிந்துவிட்டது.

நோயாளிகள் சார்பாக கமிட்டியில் ஓர் எலக்ட்ரீஷியன் இருந்தார். கம்பத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"நாங்க எந்தப் பக்கமா வரணும்?"

"பின்னாடி வழி விட்டிருக்கே தம்பி," என்றார் முதலாளி. "முகப்பு கொஞ்சம் கம்பீரமா இருக்கணும்ல."

அவள் வரைபடத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"அவங்களுக்குன்னு கட்டுற வீட்டுக்குள்ள அவங்களே குப்பைத்தொட்டி ஓரமா வரணுமா சார்? இந்தப் படத்த வச்சுக்கிட்டு நான் யார்கிட்டயும் கை நீட்ட மாட்டேன். சரின்னு சொன்ன இருபத்து மூணு பேருக்கும் இன்னைக்கே ஃபோன் பண்ணி இதச் சொல்லிடுவேன்."

படியைக் கொஞ்சம் மாற்றலாமே என்று யாரோ இழுத்தார்கள். மாற்றுவதற்கில்லை என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்து போனார்.

நடையில் அண்ணன் மறித்தான். "எட்டு மாச உழைப்ப எட்டு நிமிஷத்துல கெடுத்துட்டியே."

"உழைச்சது நான். தெரிஞ்சும் வாயத் தெறக்காம இருந்தது நீ."

அதற்குப் பிறகு நான்கு மாதம் பேச்சில்லை. அண்ணிதான் நடுவில் தபால்காரி வேலை பார்த்தாள்.

மாடியை எடுத்துவிட்டுத் திட்டத்தைச் சுருக்கினார்கள். இருபத்து மூன்று பேரில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். மீதியை அவள் மறுபடி அலைந்து புரட்டினாள். இரண்டு வருடத்தில் கட்டடம் எழுந்தது. எலக்ட்ரீஷியன் தெருவிலிருந்து நேராக, யாரும் தள்ளாமல், முன்வாசல் வழியாக உள்ளே போனார்.

ஆனால் முப்பது கட்டில் போட நினைத்தது பதினெட்டோடு நின்றது. இடமில்லை என்று சொல்ல வேண்டிய ஃபோன்களை அவளே எடுக்கிறாள், அண்ணனிடம் தள்ளுவதில்லை. ஃபோனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் அவள் அறைப் பக்கம் போவதில்லை.