காப்ஸ்யூல் கூடு

எட்டு நாள், எட்டு நாள் போதுமா அதற்கு… போதும், அந்நியமானதைத் தேடிக் கொல்லும் டி செல்லுக்கு அதுவே அதிகம். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே ரத்தப் பரிசோதனை லேப்பில் உட்கார்ந்திருக்கிறேன், உட்காரவும் முடியவில்லை, வாசலுக்குப் போகிறேன், தெரு முழுக்க ஆடிக் கிருத்திகைக் காவடி, திரும்பி வருகிறேன். பெஞ்சில் அம்சா அக்கா, அவள் அடிவயிற்றில் என் சிறுநீரகம், இரண்டு வருடமாக. எட்டு நாள் முன்பு, விரதம் தொடங்கிய அன்றே, உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்கப் போடும் காப்ஸ்யூலை மட்டும் நிறுத்தியிருக்கிறாள், இன்று காலை போனில்தான் சொன்னாள், கால் வீங்கிக்கினு இருக்குதுடா பாபு என்று.

லேப் டெக்னீசியன் படிப்பைப் பாதியில் விட்டவன் நான், அந்தப் பாடம் மட்டும் என்னை விடவில்லை. கிளைகிளையாய் ஒரு செல் அந்நியத் துணுக்கை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டும், ஒன்றும் அறியாமல் சுற்றிக்கொண்டிருந்த டி செல் அதை அடையாளம் காணும், அது போதாது, ஆபத்துதான் என்று உறுதி சொல்ல இன்னொரு செய்தியும் வரவேண்டும், இரண்டும் வந்தால் ஒன்று ஆயிரமாகும், சில கொல்லப் போகும், சில மற்றதை ஏவிவிடும், சில ஞாபகம் வைத்துக்கொள்ளும்… அந்த முதல் செய்தியை அடைத்து வைப்பதுதான் காப்ஸ்யூலின் வேலை. அதைப் போய் ஏன் நிறுத்தினாய்? அக்காவைக் கேட்டேன், அவள் புருஷன் சுதாகர் பாவாதான் பதில் சொன்னார், நீதான சொன்ன, மேல்கூடு மாட்டு எலும்புல செய்றதுன்னு, பொங்கலப்போ, கோழி துண்ணுகினு, பெரிய டாக்டரு கணக்கா… விரதத்துல அத்த எப்டிப்பா முழுங்குவா?

சொன்னேன். படிப்பை விட்டவனுக்கும் ஏதோ தெரியும் என்று காட்டத்தான். கூடு எதில் செய்தது என்று சொன்னவன் உள்ளே இருப்பது எதை அடக்குகிறது என்று ஏன் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை என்பதாலா? ஒரு செல்கூட உறுதி கேட்கிறது, அக்கா கேட்கவில்லை, தம்பி சொன்னான், அவ்வளவுதான்.

தாளை நீட்டினார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் 2.4, போன மாதம் 1.1, சிறுநீரகம் வடிகட்டத் திணறுகிறது. கிளம்பிவிட்ட டி செல்களை ஊசி போட்டு அடக்கலாம், அடங்காமலும் போகலாம். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு போன் போட்டேன், உடனே சென்னைக்குக் கிளம்புங்க என்றார். பாவா கார் பிடிக்க ஓடினார். அக்கா தாளைப் பார்க்கவில்லை, என் விலாவையே பார்த்தாள், உன்னுது கெட்டுப்பூட்ச்சாடா, என்றாள். அது உன்னுதுதான்க்கா… இரண்டே வார்த்தை, சொல்லியிருக்கலாம், காலையிலிருந்து ஒருமுறையாவது அதை அவளுடையதாக நான் நினைத்தேனா, இரண்டு வருடத்தில்தான் நினைத்தேனா… எழுந்திரு, கார் வந்துடும், என்றேன்.