கழுத்தில் பட்ட காற்று

எங்கள் செர்பியச் சனத்துக்குக் குண்டு விழுந்தால்கூட அவ்வளவு பயமில்லை. பிடரியில் ஜன்னல் காற்று பட்டால் குலை நடுங்கிவிடும். காதுவலி, பல்வலி, வாதம் எல்லாவற்றுக்கும் பழி அந்தக் காற்றின் மேல்தான். அதனால்தான் பெல்கிரேடிலிருந்து சாச்சக் போகிற பேருந்தில் தெசாங்கா அம்மாள் நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்கு வாய் ஓயாமல் கத்திக்கொண்டு வந்தாள்.

முன் இருக்கையில் திகோமிர் என்றொரு வழுக்கைத்தலை மனிதர். ஹீட்டர் சூடு தாங்காமல் எழுந்து, திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த மேல்ஜன்னலோடு மல்லுக்கட்டினார். அவ்வளவுதான், தெசாங்காவின் பிடரியில் சில்லென்று ஏறியது.

“யோவ், மூடுய்யா! என்னைக் கொல்லத்தான் பஸ் ஏறினியா?”

“வெந்து சாகறேன் தாயே. சால்வையைச் சுத்திக்குங்க.”

“சுத்திக்கிறதா? உன் வீட்ல பொம்பளைங்க யாரும் உனக்குப் புத்தி சொல்றதில்லையா?”

“இருந்த ஒருத்தியும் போய்ச் சேர்ந்துட்டா.”

அதற்கும் அவள் அடங்கவில்லை. லிக் ஊர் தாண்டி இறக்கத்தில் போகும்போது, பிரேக் பிடிக்காத முட்டைக்கோசு லாரி ஒன்று பேருந்தின் பின்னால் வந்து மோதிய பிறகுதான் அவள் வாய் மூடியது. சாலையெங்கும் முட்டைக்கோசு உருண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை. டிரைவர் ராதோயேவுக்கு நெற்றியில் ஏழு தையல், திகோமிருக்கு விலாவில் இரண்டு முறிவு, மற்றவர்களுக்குக் கை கால் வீக்கம்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கழுத்துப் பட்டை மாட்டினார்கள். தெசாங்கா அதைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள்.

“அம்மா, கழுத்தை அசைக்காதீங்க!” என்று ஓடிவந்தாள் டாக்டர் மிலியானா. “ஸ்கேன் எடுக்கணும். எலும்புல விரிசல் விட்டிருந்தா ஒரே குலுக்கல்ல கை கால் விழுந்துடும்.”

“இது மோதின வலி இல்ல கண்ணு. காத்து பிடிச்ச வலி. மோதறதுக்கு முன்னாடியே இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுக்குப் போய் ராக்கியா சாராயத்தைத் தேய்ச்சா காலையில போயிடும்.”

“உங்க பிடிவாதத்துக்கு மருந்தே கிடையாதா?”

“நாளைக்கு எங்க குடும்பப் புனிதர் தோமா நாள். அழைக்காமலே முப்பது பேர் வந்து நிப்பாங்க. ரொட்டிக்கு யார் மாவு பிசையறது, நீயா? கையெழுத்துத் தாளைக் கொண்டா. என் பொறுப்புல நான் போறேன்.”

தாள் வந்தது. தெசாங்கா பேனாவை எடுத்தாள்.

“காத்தே அடிக்கல,” என்றது பக்கத்துக் கட்டில்.

திகோமிர்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “அந்த ஜன்னல் துருப்பிடிச்சு ஒட்டிக்கிடந்துச்சு. முட்டி மோதிப் பார்த்தேன், திறக்கல. நாலு பேர் முன்னாடி மானம் போகுமேன்னு திறந்த மாதிரியே உக்காந்துட்டேன்.”

“பொய்! எனக்குச் சில்லுன்னு பட்டுச்சே!”

“மூடின ஜன்னல்ல எங்கேயிருந்து தாயே காத்து வரும்?”

சுற்றியிருந்த கட்டில்களில் சிரிப்பு வெடித்தது. தெசாங்காவுக்கு அவமானத்தில் முகம் சிவந்தது. அடுத்த நொடியே ஒரு கேள்வி உறைத்தது. காற்று இல்லையென்றால் இந்த வலி எதனால்? கை தானாகப் பிடரிக்குப் போனது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “படுக்க வைங்கம்மா, பயமாயிருக்கு,” என்றாள்.

ஸ்கேனில் கழுத்தின் இரண்டாவது எலும்பில் விரிசல் தெரிந்தது. “வீட்டுக்குப் போற வழியில ஒரு பள்ளம் போதும், அப்புறம் நீங்க எழுந்திருக்கவே மாட்டீங்க,” என்றாள் மிலியானா. பெண்கள் வார்டில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையை அசையாமல் கட்டிவிட்டார்கள். புனிதர் நாள் அவள் இல்லாமலே நடந்தது. மருமகள் பிசைந்த ரொட்டி கல் மாதிரி இருந்ததாம். அதைக் கேட்டதில் தெசாங்காவுக்கு நிறையத் திருப்தி.

மூன்றாம் நாள் டிரைவர் ராதோயே, பேருந்தில் கிடந்த அவள் பையைக் கொடுக்க வந்தார்.

“நீங்க அன்னைக்குக் கத்தினது நியாயம்தாம்மா. அந்த மனுஷன் ஜன்னலை அப்படி அகலத் திறந்துட்டாரு. முன்னாடி வச்சிருந்த என் தொப்பியே பறந்துபோச்சு.”

“இன்னொரு தடவை சொல்லு,” என்றாள் தெசாங்கா, கூரையைப் பார்த்தபடி.

சாயங்காலம் திகோமிர் விலாவைப் பிடித்தபடி தள்ளாடி வந்தார். “கழுத்து எப்படி இருக்கு?”

நாற்பது கிலோமீட்டரும் அவள் சொன்னதுதான் சரி! வார்டு முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும்போல நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அந்த மனிதர் ஒரு பொய் சொல்லியிராவிட்டால் இப்போது கத்த வாய் இருந்திருக்குமா? கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

“உக்காருய்யா, பொய்க்காரா. ராதோயே எல்லாத்தையும் சொல்லிட்டான்.”

“உங்களைப் படுக்க வைக்க வேற வழி தெரியல தாயே,” என்றார் திகோமிர்.

“ஊர்ல யார் கேட்டாலும் ஜன்னல் மூடித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடறேன்,” என்றாள் தெசாங்கா. அறுபத்திரண்டு வருஷத்தில் அவள் விட்டுக்கொடுத்த முதல் சண்டை அது.